பதிமூணரை ரூபாய்ப் பவுன்

மதுரை காஜிமார் தெருவில் உமர் பாரூக் தோல் வியாபாரி. எத்தனை முறை குளித்தாலும் உப்புப் போட்ட மாட்டுத்தோலின் வாடை அவனை விட்டுப் போகாது. இருபத்திரண்டு வருஷமாக ஒற்றை மாட்டு வண்டியில் அலங்காநல்லூர்ப் பக்கமும் திருவாதவூர்ப் பக்கமும் ஊர் ஊராகப் போய்த் தோல் வாங்கி, திண்டுக்கல்லுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். விலை பேசும்போது யாரும் அவனோடு வாதாடியதில்லை. பாய் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பார்கள்.

அவனும் மனைவி மெஹருன்னிசாவும் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஒரே வாரத்தில் காலராவுக்குக் கொடுத்தவர்கள். அதற்குப் பிறகு மெஹருன்னிசா கேட்டது ஒன்றுதான்: ஹஜ்ஜுக்குப் போக வேண்டும். எட்டு வருஷம் சேர்த்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு மாசியில் பம்பாயில் கப்பல் ஏறுவது என்று முடிவாகியிருந்தது. கப்பலுக்கு ரூபாய் போதும். ஆனால் ஜித்தாவில் இறங்கியதும் ஒட்டகக்காரனும் தண்ணீர்க்காரனும் அரசாங்கமும் வாங்குவது தங்கப் பவுன் காசுதான். இருவருக்கும் சேர்த்து நாற்பது பவுன் வேண்டும் என்று பம்பாய் ஏஜெண்டு எழுதியிருந்தார். பவுன் பதிமூணரை ரூபாய் விற்றபோது அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

முப்பத்தொன்று புரட்டாசியில் சேதி வந்தது. கொண்டுவந்தவன் மெஹருன்னிசாவின் தம்பி சிஹாபுதீன். இருபத்துநாலு வயது. தெற்காவணி மூல வீதியில் ஒரு நகைக்கடையில் தங்கம் உருக்கும் வேலை. பம்பாயிலிருந்து தந்தி வந்தால் கடைக்காரருக்கு அடுத்தபடி அவனுக்குத்தான் தெரியும்.

"லண்டன்காரன் தன்னோட நோட்டுக்கு இனிமே தங்கம் தரமாட்டேன்னுட்டானாம் மச்சான். நம்ம ரூபாயை அவன் நோட்டோடதானே கட்டி வச்சிருக்கான். அவன் கிணத்துல விழுந்தா நாமளும் கூட விழணும்."

"பவுன் எம்புட்டு?"

"இன்னைக்குப் பதினாறு. இன்னும் ஏறும்ங்கிறாக."

ஐப்பசியில் பதினேழைத் தாண்டியது. கார்த்திகையில் பதினெட்டு. தோல் விலையோ பாதியாக விழுந்து கிடந்தது; சீமையில் வாங்குவார் இல்லை. எட்டு வருஷச் சேமிப்பு அப்படியே பெட்டியில் இருந்தது, ஆனால் அதைக் கொண்டு முப்பது பவுன்கூட வாங்க முடியாது. மெஹருன்னிசா அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள், தேவைக்கு மேல் உரித்தாள். தம்பிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"மச்சான், கிராமத்துல இன்னும் யாருக்கும் ரேட்டு தெரியாது," என்றான் சிஹாபுதீன். "நெல்லு விலை போச்சு, கிஸ்தி கட்டணும்னு எல்லாரும் காசுமாலையை அவுக்குறாக. நீங்க போகாட்டி இன்னொருத்தன் போவான். எங்க கடைக்காரரே ஆள் அனுப்பியிருக்காரு."

உமர் பாரூக் இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் வண்டியைப் பூட்டினான்.

தோல் கேட்டுப் போன வீடுகளில் அவர்களே பவுனை எடுத்து வந்தார்கள். பதிமூணரை என்று அவர்களே சொன்னார்கள். அவன் பணத்தைக் கொடுத்தான், அவ்வளவுதான். நான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே என்று திரும்பி வரும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

திருவாதவூருக்கு அடுத்த சிற்றூரில் நல்லகாமன் மட்டும் கேட்டான். நாலு ஏக்கர் நஞ்சைக்காரன். உமர் பாரூக்குக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். அவன் மனைவி ரெங்கம்மாள் கழுத்திலிருந்து கழற்றிய காசுமாலையை மடியில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பட்டணத்துல கேட்டுட்டு விப்போமே," என்றாள் அவள்.

"பாய்கிட்டக் கேட்டா பட்டணத்துல கேட்ட மாதிரிதான்," என்றான் நல்லகாமன். "சொல்லுங்க பாய். இன்னைக்குப் பவுன் என்ன வெல?"

சிஹாபுதீன் வண்டியில் உட்கார்ந்து மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதிமூணரைதான்," என்றான் உமர் பாரூக்.

ஒன்பது பவுனில் எட்டைக் கொடுத்தாள் ரெங்கம்மாள். ஒன்றைத் தரவில்லை.

அந்த ஒன்றுதான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது. பதினைந்து நாள் கழித்து விதைநெல்லுக்காக நல்லகாமன் அதை மதுரைக்கு எடுத்துப்போனான். நகைக்கடையில் பதினெட்டேகால் ரூபாயை எடுத்து வைத்தார்கள். தப்பாக வைத்துவிட்டார்கள் என்று நினைத்து அவன் நாலேமுக்காலைத் திருப்பிக் கொடுத்தான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பவுன் பதிமூணரை விற்று இரண்டு மாசமாச்சு என்றார்கள்.

பன்னிரண்டு மைல் நடந்தே வந்தான். நடந்ததைச் சொன்னதும் ரெங்கம்மாள், "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றாள். அவள் முடிக்குமுன் அவன் கை அவள் வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று தெறித்து உரலுக்குள் போய் விழுந்தது. பதினாறு வருஷத்தில் அவன் அவளை அடித்ததில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு அவள் அவனையே பார்த்தாள்.

"அடிக்க வேண்டிய ஆளு நான் இல்ல," என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் உமர் பாரூக்கின் வண்டி தோல் பாரத்தோடு கண்மாய்க்கரையில் வந்தது. சிஹாபுதீன் ஓட்டினான். கருவேல மரத்தடியில் நல்லகாமனும் அவன் தம்பி காளையும் நின்றார்கள். காளை முன்னால் வந்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தான்.

"பாய், இன்னைக்குப் பவுன் என்ன வெல?" என்று கேட்டான் நல்லகாமன்.

உமர் பாரூக் பின்னால் இருந்த தோல் கட்டுகளைப் பார்த்தான்.

"கேக்குறேன்ல."

"எறங்கிப் பேசுவோம் நல்லகாமா. மிச்சத்தைக் குடுத்துடுறேன்."

"மிச்சம்னா, அன்னைக்கே ஒனக்குத் தெரிஞ்சிருக்கு."

வண்டியின் பக்கக் கம்பு ஒன்றைப் பிடுங்கி அவன் ஓங்கியபோது உமர் பாரூக் கையைத் தூக்கினான். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. வலி அப்புறம்தான் வந்தது. கீழே விழுந்தவனை இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று நல்லகாமன் அடித்தான். ஒவ்வோர் அடிக்கும், "பதிமூணரை, பதிமூணரை" என்றான். கத்தவில்லை. களத்தில் நெல் அடிக்கிறவன் எண்ணுகிற மாதிரி சொன்னான்.

சிஹாபுதீன் குதித்தான். கையில் தோல் சீவும் கத்தி. தடுக்க வந்த காளையின் முகத்தில் அது கன்னத்திலிருந்து காது வரை இழுத்தது. காது பாதி அறுந்து தொங்கியது. காளை காதைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்து மணலில் சொட்டியது. சிஹாபுதீன் மச்சானுக்கும் நல்லகாமனுக்கும் நடுவில் வந்து நின்றான்.

"அடிக்காத. நான்தான் போகச் சொன்னேன். அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு."

நல்லகாமனின் கண் தன் தம்பி காளையின் முகத்தில் இருந்தது. கம்பு சிஹாபுதீனின் தலையில் இறங்கியது. அவன் உட்கார்ந்தான், ஏதோ களைத்துப்போய் உட்காருகிறவன் போல. இரண்டாவது அடியில் சாய்ந்தான். மூன்றாவது அடி விழுந்தபோது அங்கே அடிக்க ஒன்றும் மிச்சம் இல்லை.

"விடுண்ணே," என்றான் காளை. "போயிருச்சு."

மாடு மிரண்டு வண்டியை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. நல்லகாமன் கம்பைப் போட்டான். ஓடவில்லை. கரைச் சரிவில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்தான். உமர் பாரூக் ஊர்ந்து போய் சிஹாபுதீனை ஒரு கையால் தூக்கப் பார்த்தான், முடியவில்லை. மறுபடி பார்த்தான்.

"வந்து தூக்கு," என்றான் நல்லகாமனைப் பார்த்து.

நல்லகாமன் எழுந்து வந்தான். தலைப்பக்கம் அவன் பிடித்தான். கால் பக்கம் உமர் பாரூக் ஒற்றைக் கையால் பிடித்தான். தோல் கட்டுகளின் மேல் கிடத்தினார்கள். அதன் பிறகு நல்லகாமன் கரையிலிருந்து இறங்கி, தானே போய் கிராம முன்சீப் வீட்டு வாசலில் உட்கார்ந்தான்.

பழகிய வழியில் மாடு தானாகவே நடந்தது. மதுரை வரும் வரை ஈ மொய்த்தது. உமர் பாரூக் ஒடிந்த கையை மடியில் போட்டுக்கொண்டு இடது கையால் ஈயை விரட்டிக்கொண்டே வந்தான்.

ஸ்டேஷனில் ஏட்டு அதிகம் கேட்கவில்லை. "வழிப்பறின்னு எழுதிக்கிறேன். பவுன் கொண்டு போறது தெரிஞ்சு மறிச்சிருக்கானுக, அதானே?" என்றார். உமர் பாரூக் இல்லையென்று சொல்லவில்லை. இடது கையால் கையெழுத்துப் போட்டான்.

வீட்டில் மெஹருன்னிசா தம்பியின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கப் போனாள். பெண்கள் பிடித்து நிறுத்திவிட்டார்கள். "எதுக்கு அடிச்சாங்க?" என்று கேட்டாள். "பணத்துக்கு" என்றான் உமர் பாரூக். அவள் சுவரில் தலையை மோதிக்கொண்டாள். "அவன் தூக்குல தொங்கணும். அத நான் கேக்கணும்," என்றாள்.

தை முடிந்தது. பம்பாயிலிருந்து வந்த கடிதத்தை அவன் பிரிக்கவே இல்லை. மாசியில் ஒரு பகல், ரெங்கம்மாள் காஜிமார் தெருவுக்கு வீடு விசாரித்து வந்தாள். உமர் பாரூக் கடையில் இருந்தான். யார் என்று தெரிந்ததும் மெஹருன்னிசா அவள் முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். உலக்கையால் முதுகில் அடித்தாள். ரெங்கம்மாள் தடுக்கவில்லை. மூன்றாவது அடிக்கு முன்னால்தான் வாயைத் திறந்தாள்.

"இன்னும் அடி, தாயி. ஆனா எங்க காசுமாலை என்ன வெலைக்கு வந்துச்சுன்னு ஒம் புருசன்கிட்டக் கேளு."

மெஹருன்னிசாவின் கை நின்றது. அவள் கண்ணுக்கு அப்போதுதான் ரெங்கம்மாளின் பல் இல்லாத இடம் தெரிந்தது.

அன்று அவன் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள். அவன் எதையும் மறைக்கவில்லை. தட்டில் சோறு காய்ந்தது.

"இதக் கோர்ட்டுல சொன்னா என்னாகும்?"

"தூக்கு இருக்காதுன்னு தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் சொன்னாரு."

"சொல்லாட்டி?"

"தூக்குதான். அவுக சொல்றத யாரும் நம்ப மாட்டாகளாம்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. விசாரணை நாள் வரை அவர்கள் இருவரும் அந்த வீட்டில் அடுத்தவர் முகம் பார்க்காமல் நடமாடினார்கள். பங்குனியில் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அவன் கிளம்பியபோது அவளும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கூடவே வந்து, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள்.

சர்க்கார் வக்கீல் கேட்டார்: "இவர்கள் உங்களைக் கொள்ளையடிக்க வந்தார்களா?"

கூண்டில் நல்லகாமன் தலைகுனிந்து நின்றான். காளையின் காது கோணலாக ஒட்டியிருந்தது.

"இல்லீங்க," என்றான் உமர் பாரூக். "கொள்ளையடிச்சது நான். அன்னைக்குப் பவுன் பதினெட்டுக்கு மேல. என்னை நம்பிக் கேட்டான். நான் பதிமூணரைன்னேன்."

ஏட்டு எழுதியதைக் காட்டி வக்கீல் கோபமாகக் கேட்டார். அதிலும் பொய்தான் சொன்னேன் என்றான். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார்.

நல்லகாமனுக்குப் பத்து வருஷம். காளைக்கு இரண்டு.

வெளியே வந்ததும் மெஹருன்னிசாவின் பெரியப்பா மகன் அப்துல் வஹீது காத்திருந்தான். செருப்பைக் கழற்றி உமர் பாரூக்கின் முகத்தில் அடித்தான். உதடு கிழிந்தது. "தம்பி ரத்தத்தை வித்துட்டியேடா," என்றான். இன்னொரு முறை ஓங்கியபோது மெஹருன்னிசா நடுவில் வந்தாள். கணவனுக்காகப் பேசவில்லை. "போதும் வஹீது. அடி பாத்துப் பாத்து எனக்குச் சலிச்சுப் போச்சு," என்றாள். அவன் செருப்பைக் கீழே போட்டான். அதற்கப்புறம் வஹீதின் வீட்டிலிருந்து யாரும் இவர்களோடு பேசவில்லை.

அதற்குள் கப்பல்களெல்லாம் போய்விட்டன. அரபு நாட்டில் ஹாஜிகள் கூடியிருந்த அந்த வாரத்தில், மதுரையில் பவுன் இன்னும் ஏறிப் பத்தொன்பதைத் தொட்டது. மெஹருன்னிசா பெட்டியைத் திறந்து, கிராமங்களில் வாங்கிய பவுன்களை ஒரு துணிப்பையில் போட்டு முடிந்தாள்.

"வண்டியைப் பூட்டுங்க," என்றாள்.

மூன்று நாள் சுற்றினார்கள். சிலர் பவுனைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார்கள். வாங்கிய விலையை இப்போது திருப்பித் தர இல்லையே என்று சிலர் அழுதார்கள். தர வேண்டாம் என்றாள் மெஹருன்னிசா. ஒரு வீட்டில் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே ஏசினார்கள். ஓர் ஊரில் கல் வந்து விழுந்தது. ஒன்று மாட்டின் நெற்றியில் பட்டது, ஒன்று உமர் பாரூக்கின் கோணலாகக் கூடிய கையில் பட்டது. அவன் இறங்கிப் போய், கல் எறிந்தவன் கையிலேயே பவுனை வைத்துவிட்டு வந்தான்.

கடைசியாக ரெங்கம்மாளின் வீடு. உழ ஆளில்லாத வயலில் எருக்கு முளைத்திருந்தது. அவள் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். மெஹருன்னிசா மட்டும் இறங்கிப் போனாள். எட்டுப் பவுனையும் ரெங்கம்மாளின் முன்னால் துணியில் வைத்தாள். ரெங்கம்மாள் கையைக் கழுவிவிட்டு வந்து அதை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

"முதுகு வலிக்குதா?" என்று கேட்டாள் மெஹருன்னிசா.

"மழைக்கு வலிக்கும்," என்றாள் ரெங்கம்மாள். பிறகு கேட்டாள்: "ஒன் தம்பி பேரு என்ன தாயி? கோர்ட்டுல படிச்சாக. எனக்குக் காதுல சரியா விழுகல."

"சிஹாபுதீன்."

ரெங்கம்மாள் அந்தப் பேரை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பல் போன இடத்தில் அது சரியாக வரவில்லை. மெஹருன்னிசா அவளைத் திருத்தவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் துப்பட்டியை முகத்தில் இழுத்து விட்டுக்கொண்டு அழுதாள். தம்பி போன நாளிலிருந்து அவள் அப்படி அழுததில்லை. உமர் பாரூக் மாட்டை ஓட்டவில்லை. அவள் முடிக்கும் வரை கயிற்றைத் தளர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.