ஆளுக்கொரு குழி

இரும்பைக் கண்டாலே வேலுத்தாய்க்கு ஆகாது. பதினாறு வருசம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தியவள். பொறி பறக்கும் என்று இரும்பு வாளியைக்கூட அறைக்குள் விடமாட்டார்கள். அப்படிப்பட்டவள் கையில், அதுவும் கம்பெனிச் சுவரை ஒட்டிய காலிமனையில் வைத்து, புத்தம்புது மண்வெட்டி ஒன்றைத் திணித்துவிட்டுப் போனாள் விருதுநகரிலிருந்து தோட்டப் பயிற்சி கொடுக்க வந்த ஹர்ஷினி.

தீபாவளி முடிந்து கம்பெனிக்குப் பூட்டு. ஐப்பசிக் கடைசி. சும்மா இருக்கும் பெண்களுக்குக் காய்கறித் தோட்டம் போடச் சொல்லித்தருகிறோம், முதலாளி மனை தருகிறார், விளைவது உங்களுக்கே என்று நோட்டீஸ் வந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் சினேகாதான் ஓடிப்போய் இரண்டு பேர் பெயரையும் கொடுத்தாள். முதலாளிக்குத் திருத்தங்கல் முழுக்க மனைதான். எது என்று யார் கேட்டார்கள்? வேனில் ஏற்றிவந்து இங்கே இறக்கியபிறகுதான் எந்த மனை என்று வேலுத்தாய்க்குத் தெரிந்தது.

போன வருசம் சீசன் நேரம். ஆபீசர்கள் சோதனைக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் போர்மேன் அய்யாதுரை அவளைத் தனியாக இந்த மனைக்குக் கூட்டிவந்தார். கழிவு மருந்தை அன்றன்றைக்கே எரித்துவிட வேண்டும் என்பது சட்டம். எங்கே எரித்தார்கள்? மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

"வேம்புக்கு அடியில ஒரு குழி போட்டு மூடிரு, வேலுத்தாயி. யார்ட்டயும் மூச்சு விடக்கூடாது. விட்டா உனக்கு இங்கன வேலை இல்ல."

மூடினாள். மூச்சு விடவில்லை. இன்றைக்கும் அந்த வேம்புப் பக்கம் போகாமல் இருந்தால் சரி என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தாள். அய்யாதுரை வரவில்லை. இருக்கன்குடிக்குக் கும்பிடப் போயிருக்கிறாராம். மகராசன், நல்ல நாள் பார்த்தார்.

"ரெண்டு நாள் மழையில மண்ணு நல்லா இளகியிருக்கு அக்கா. ஆளுக்கு ஒரு குழி, ஒரு அடி ஆழம். கத்தரியோ அவரையோ, உங்க இஷ்டம்" என்றாள் ஹர்ஷினி.

மழை என்றதும் வேலுத்தாய் வேம்படியைத் திரும்பிப் பார்த்தாள். ஈரம் பட்ட மருந்து தானாகச் சூடேறும். சூடேறினால் எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்லமுடியாது.

கூட வந்த பத்துப் பதினோரு கம்பெனிப் பெண்களும் ஆங்காங்கே உட்கார்ந்தார்கள். மண்வெட்டியைப் பக்கத்தில் கிடத்திவிட்டு விரலால் மண்ணைச் சுரண்டினார்கள்; ஒருத்தியும் ஓங்கி வெட்டவில்லை.

"என்னக்கா, மண்ணுக்கு வலிக்குமா?" என்று ஹர்ஷினி சிரித்தாள்.

சினேகா மட்டும் வேறு மாதிரி. அவளைக் கம்பெனி வாசலைக்கூட மிதிக்க விட்டதில்லை வேலுத்தாய். எங்கே நிழல் இருக்கிறது என்று சினேகா பார்த்தாள், நேரே வேம்படிக்குப் போனாள், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மண்வெட்டியைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

கம்பெனி வேலையாவது ஒன்றாவது, போனால் போகட்டும்.

"ஏட்டி, கையை அப்படியே நிப்பாட்டு" என்றாள் வேலுத்தாய். கத்தவில்லை, கத்தினால் பிள்ளை பதறி மண்வெட்டியைப் போட்டுவிடும். "வெட்டாத. அடியில மருந்து கெடக்கு. நாந்தான் பொதைச்சேன்."

சினேகா தூக்கிய கையோடு நின்றாள். பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஏசுவார்கள், அலறிக்கொண்டு ஓடுவார்கள் என்று வேலுத்தாய் நினைத்தாள். ஒருத்தியும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மத்தாப்பு அறையில் வேலைபார்க்கும் சுப்புத்தாய்தான் முதலில் வாய் திறந்தாள். "ஒன்னைய வேம்படியிலயா பொதைக்கச் சொன்னாரு?"

"ஆமா."

"என்னைய தண்ணித் தொட்டி ஓரமா பொதைக்கச் சொன்னாரு."

"என்னைய இந்தா, இந்த நடுவுல" என்றாள் இன்னொருத்தி.

வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த பிரீத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "என்னைய இந்த வாசல்கிட்ட பொதைக்கச் சொன்னாருக்கா. நீ ஒருத்திதான், யார்ட்டயும் சொல்லாதன்னாரு."

அந்த மனைக்கு வாசல் அது ஒன்றுதான்.

ஹர்ஷினி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். விதைப் பாக்கெட்டுகள் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தன.

"அம்மா, நான் எந்தப் பக்கமா வரணும்?" என்று கேட்டாள் சினேகா. மண்வெட்டி இன்னும் தலைக்கு மேல்தான் இருந்தது.

வேலுத்தாய் மெல்லக் குனிந்து, தன் காலடி மண்ணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இரண்டு நாள் மழையில் ஊறிய மண், வெதுவெதுப்பாக இருந்தது.