எந்த வரேன்

வழிகாட்டி வேலைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களிடம் நான் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வேன்: ஒரு மஞ்சள் பனியன், கட்டிப்போன தொண்டை, அப்புறம் 'அக்கா'. பனியன் இரண்டு தடவை துவைத்தால் வெளுத்துவிடும். தொண்டை தானாகச் சரியாகிவிடும். அந்த 'அக்கா' மட்டும் போகாது. கல்லூரி திறந்த வாரத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்ற பெண், பல மாதம் கழித்து மாடிப்படியில் எதிரே வரும்போது தன் கூட்டத்தை விட்டு விலகி வந்து, "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். நான் அவளுக்குச் செய்ததெல்லாம் கழிப்பறை எந்தப் பக்கம் என்று காட்டியதுதான். வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்த எனக்கு அது போதும். போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூட்டிக்கொண்டு கல்லூரியைச் சுற்றிக் காட்ட வேண்டும். நம் முகம் அவர்கள் பக்கம் இருக்க வேண்டும் என்பதால் பின்பக்கமாகவே நடக்க வேண்டும். முதுகுக்குக் கண் கிடையாதே, அதனால் ஜோடி ஜோடியாகப் போவோம். ஒருத்தி பேசிக்கொண்டே பின்னால் நடப்பாள். இன்னொருத்தி அவள் தோளை ஒட்டி நடந்து, "தூண்", "கதவு", "படி" என்று குரல் கொடுப்பாள். "படி" என்றதும் எந்தக் கூட்டத்திலும் ஒருவன் தவறாமல், "படிக்கத்தானேக்கா வந்திருக்கோம்" என்பான். உலகத்திலேயே அதை முதலில் சொன்னவன் தான்தான் என்ற நினைப்பு அவன் முகத்தில் இருக்கும். நாங்களும் முதல் தடவை கேட்பதுபோலச் சிரிப்போம். அந்தச் சிரிப்பில் பாதிப் பயம் போய்விடும்.

என் ஜோடி ரேடியோ. வாயை மூடத் தெரியாதவள் என்பதால் விடுதியில் வைத்த பெயர். நான் பின்னால் நடக்கிற லட்சணத்தைப் பார்த்து அவள் என்னை வாத்து என்பாள். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அவள் "படி" என்றால் நான் திரும்பிப் பார்க்காமல் காலை வைப்பேன். கூடப் பிறந்தவள் ஒருத்தி இருந்திருந்தால்கூட அப்படி நம்பியிருப்பேனா தெரியாது.

அவளிடம் மட்டும்தான் அந்தக் கதையைச் சொன்னேன். போன வருடம், பனியன்களை அளவு வாரியாகப் பிரித்து மடிக்கும் வேலையை எங்கள் இருவர் தலையில் கட்டியிருந்தார்கள். சன்னல் இல்லாத அறை, புதுத் துணி வாசனை, மலை மலையாக மஞ்சள். கை மடித்துக்கொண்டிருந்தது, வாய் சும்மா இருக்கவில்லை.

நான் சேர்ந்த முதல் வாரமே ஓடிப்போகப் பார்த்தவள். பெட்டியைக் கட்டி, விடுதி வாசல் படியில் வைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன். அப்பாவுக்கு லேத்துப் பட்டறையில் வேலை. இரும்பைக் கடைந்து கடைந்து அவருடைய இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காது அரைகுறை. நான் அழுகையை அடக்கிக்கொண்டு, "அப்பா, நான் வரேன்ப்பா" என்றேன். பின்னால் வகுப்பு மணி அடித்துக்கொண்டிருந்தது. நம் பாஷை இருக்கிறதே, வருகிறவளும் 'வரேன்' என்பாள், போகிறவளும் 'வரேன்' என்பாள். நான் வகுப்புக்குக் கிளம்புகிறேன் என்று அப்பா எடுத்துக்கொண்டார். "சரிம்மா, போயிட்டு வா. நல்லா படி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தேன். பிறகு சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன், அழுதுகொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குத் திரும்பினேன். அவ்வளவுதான் கதை. என் கல்லூரிப் படிப்பே அப்பாவின் செவிட்டுக் காதால் வந்தது.

ரேடியோ பனியனில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதை மேடையில சொல்லுடி வாத்து. அத்தனை பேரும் அழுதுடுவாங்க."

"வேணாம்டி. அப்பா காதுக்குப் போச்சுன்னா மனசு உடைஞ்சிடுவாரு. பொண்ணு கதறினது தனக்குக் கேக்கலையேன்னு காலத்துக்கும் நொந்துக்குவாரு."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று என் உள்ளங்கையில் அடித்துச் சொன்னாள் ரேடியோ.

இந்த வருடம் நாங்கள் இறுதியாண்டு. இறுதியாண்டு வழிகாட்டிகளில் ஒருவரைத் தலைமை வழிகாட்டியாக வைப்பார்கள். தலைமை வழிகாட்டியைத்தான் படிப்பு முடிந்ததும் மாணவர் நல அலுவலகத்தில் வேலைக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். எனக்கு அந்த வேலை வேண்டும். பெரிய கம்பெனி, கண்ணாடிக் கட்டடம் எல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். அந்த அலுவலகத்தின் வாசலோர மேசையில் உட்கார்ந்து, அழுதுகொண்டு வருகிற பிள்ளைகளுக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிற வேலை எனக்கு வேண்டும். நலத்துறை அதிகாரியம்மா என்னையும் ரேடியோவையும் கூப்பிட்டு, திறப்பு நாள் காலையில் புதியவர்கள் முன்னால் 'என் முதல் வாரம்' என்று ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார். யார் பேச்சு அவர்களைத் தொடுகிறதோ, அவருக்கே பதவி.

முந்தின நாள் ரேடியோவிடம் சொன்னேன். "நம்ம பனியன் ரூம் கதைதான்டி சொல்லப் போறேன். அப்பா இருக்கிற ஊருக்கு இந்தப் பேச்சு எங்க போகப் போகுது?"

"சூப்பர்டி" என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

காலையில் கொஞ்சம் இருமிவிட்டு, "எனக்குத் தொண்டை கட்டுது, நான் முதல்ல பேசிடறேனே" என்று கேட்டாள். நான்தான் அவளுக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மேடையேறினாள். அரங்கை ஒரு சுற்றுப் பார்த்தாள். "முதல் வாரம், விடுதி வாசல் படியில பெட்டியோட உக்காந்து, எங்கப்பாவுக்குப் போன் பண்ணேன்" என்று ஆரம்பித்தாள்.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. பெட்டி எல்லோரிடமும்தான் இருக்கும், அப்பாவும் இருப்பார். லேத்து என்ற சொல் வந்ததும் என் காது அடைத்தது. வகுப்பு மணி வந்தது. இடது காது வந்தது. "அப்பா, நான் வரேன்ப்பா" என்று அவள் என்னைவிட நன்றாக அழுதாள். ரேடியோவின் அப்பாவைப் பார்த்திருக்கிறேன். துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறவர். அவர் காதுக்கு எறும்பு ஊர்ந்தாலும் கேட்கும். மகள் தும்மினால் மூன்று தடவை போன் செய்கிறவர்.

அரங்கம் மொத்தமும் மூக்கை உறிஞ்சியது. அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். போனேன். மைக்கைப் பிடித்தேன். என்னிடம் இருந்தது அந்த ஒரு கதைதான், அதையும் இப்போதுதான் எல்லோரும் கேட்டு முடித்திருந்தார்கள். குடிதண்ணீர் எந்த மாடியில் நன்றாக வரும், நூலகத்தில் எந்த மின்விசிறி ஓடும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பின்வரிசையில் யாரோ இரக்கப்பட்டுக் கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் அவளைப் பிடித்தேன். "ஏன்டி?"

"கோச்சுக்காதடி. நீ சொல்லியிருந்தா நீ அழுதிருப்ப. நான் சொன்னேன், அவங்க அழுதாங்க."

"அது எங்கப்பாடி!"

"யாரு அப்பாவா இருந்தா என்ன? எத்தனை பசங்களுக்குத் தைரியம் வந்துச்சு பாத்தியா? நாம அதுக்குத்தானே இந்த வேலை செய்யறோம்?"

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு, புண்ணியக் கணக்கு எனக்கே சொல்கிறாள். பளாரென்று ஒன்று விட்டிருக்கலாம். விடவில்லை. இன்றுவரை அந்த அறைக்காக என் கை அரிக்கிறது. அதிகாரியம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். என்னவென்று சொல்வது? பதவி கிடைக்காத வயிற்றெரிச்சலில் தோழியின் அப்பாவைத் தன் அப்பா என்கிறாள் என்பார்கள்.

இதைவிடக் கொடுமை, அடுத்த மணியில் நாங்கள் இருவரும் ஜோடியாகக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நான் பேச, அவள் குரல் கொடுக்க. ரேடியோவின் பனியனில் அதற்குள் 'தலைமை' என்ற வில்லை ஏறியிருந்தது.

நூலகம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். "தூண்" என்றாள். திரும்பிப் பார்த்தேன், தூண்தான். "கதவு" என்றாள். திரும்பிப் பார்த்தேன், கதவுதான். கூட்டம் என்னைத் திருட்டுப் பூனையைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. எனக்கே வெட்கமாகிவிட்டது. ஆய்வுக்கூடத்துப் பக்கம் திரும்பும்போது, "படி" என்றாள்.

இங்கே ஏது படி, பொய் சொல்கிறாள் என்று காலை அப்படியே வைத்தேன்.

படி இருந்தது. போன விடுமுறையில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். கணுக்கால் மடங்கி, அத்தனை பிள்ளைகள் முன்னாலும் பொத்தென்று விழுந்தேன். "படிக்கத்தானேக்கா" என்று ஆரம்பித்த ஒருவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். ரேடியோ ஓடிவந்து கை நீட்டினாள். "சொன்னேனேடி!" என்றாள். அவள் கண்ணில் நிஜமாகவே கவலை இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் கையைத் தட்டிவிட்டேன்.

தடித்த கண்ணாடி போட்ட புதுப்பெண் ஒருத்திதான் என்னைத் தாங்கிக்கொண்டு மருத்துவ அறைக்குக் கூட்டிப்போனாள். நர்ஸ் பனிக்கட்டி எடுக்கப் போயிருந்தார். அந்தப் பெண் என் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நான் இன்னிக்குக் காலையில ஊருக்குக் கிளம்பறதா இருந்தேன். பெட்டிகூடக் கட்டிட்டேன். அந்த அக்கா பேசினதைக் கேட்டதுக்கப்புறம்தான் மனசு மாறுச்சு. சாயங்காலம் பெட்டியைப் பிரிச்சுடுவேன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இத்தனை வருடம் பின்பக்கமாக நடந்தேன். அது என் மடியில் வந்து விழுகிறது, இன்னொருத்தி பேரில். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அது என் கதைம்மா" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாக்கா. எல்லாருக்கும் அது நம்ம கதை மாதிரிதான் இருந்துச்சு" என்றாள்.

பனிக்கட்டி வந்தது. காலில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் நொண்டிக்கொண்டே அறைக்கு வந்து, மஞ்சள் பனியனைக் கழற்றி மடித்தேன். காலையில் அதிகாரியம்மாவிடம் கொடுத்துவிட்டு விலகிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த நேரம் பார்த்து அப்பா கூப்பிட்டார். வழக்கம்போல ஊருக்கே கேட்கிற குரல்.

"உன் சிநேகிதி பேசினதைப் பாத்தேன்மா! பட்டறைப் பையன் போன்ல காமிச்சான். கீழ எழுத்து ஓடுச்சு, அதனால எல்லாம் புரிஞ்சுது."

வீடியோவாகப் போட்டுவிட்டார்கள், அது அப்பாவின் பட்டறை வரை போய்விட்டது. ரேடியோ என்றால் சும்மாவா.

"நல்லாப் பேசுச்சு அந்தப் பொண்ணு. அவங்கப்பாவும் லேத்துதானா?"

"ஆமாப்பா" என்றேன். அவருக்காகத்தான் அந்தப் பொய்.

அப்பா குரலை இறக்கினார். அவர் குரலை இறக்கிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஒண்ணு மட்டும் தப்பா சொல்லுது. அப்பனுக்குக் கேக்கலைன்னு சொல்லுது பாரு, அது தப்பு."

"ஏன்ப்பா?"

"பெத்த பொண்ணு அழுகையை முழுங்கிக்கிட்டு 'வரேன்'னு சொன்னா, அது எந்த வரேன்னு அப்பனுக்குத் தெரியாதா? அதுக்குக் காது எதுக்கும்மா?"

போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "தெரிஞ்சா ஏன்ப்பா போயிட்டு வான்னு சொல்லணும்? வான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியே."

வந்திருப்பாளே என்று சொல்லவில்லை. வந்திருப்பியே என்றார்.

அவர் காதுக்குப் போய்விடக்கூடாது என்று நான் இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது, அவர் காதிலேயே இருந்திருக்கிறது. அவருக்குக் கேட்கவில்லை என்று அவருக்காக எத்தனை இரவு நான் பரிதாபப்பட்டிருக்கிறேன்! ஒரே நாளில் என்னை ஏமாற்றிய இரண்டாவது ஆள். அந்த நிமிடம் ரேடியோவைவிட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"அப்போ அன்னிக்கு என்னை ஏமாத்தினீங்க."

"ஆமா" என்றார் அப்பா. "ஏமாத்திட்டு, அன்னிக்குப் பூரா பஸ் ஸ்டாண்டுலதான் உக்காந்திருந்தேன். நான் சொன்னதையும் மீறி நீ வந்துட்டா, பெட்டியைத் தூக்க ஆள் வேணுமே. கடைசி பஸ் வரைக்கும் பாத்தேன். நீ வரல."

இது ரேடியோவுக்குத் தெரியாது என்று ஒரு கணம் தோன்றியது. அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. கால் விண்விண் என்று தெறித்தது. கட்டில்மேல் மடித்து வைத்த பனியன் கிடந்தது.

"அப்பா, நான் வரேன்ப்பா" என்றேன்.

"எந்த வரேன்மா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவர் போனை வைக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.