மூன்று முறை வேண்டாம்

ஆட்டோவில் ஏறியதிலிருந்து செந்தமிழன் தலையை நிமிர்த்தவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜிலிருந்து கிளம்பி, காவிரிப் பாலம் வந்து போனதுகூடத் தெரியாமல், மடியில் இருந்த ஈ-ரீடரையே படித்துக்கொண்டு வந்தான்.

"என்ன சார், பரீட்சையா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஆமாங்க. பொண்ணு பார்க்கப் போறேன்."

"அதுக்கும் புக்கு வந்துடுச்சா? எனக்குக் கல்யாணம் ஆகும்போது இது இல்லாமப் போச்சே!"

செந்தமிழனின் பெற்றோருக்குச் சொந்த ஊர் திருச்சிதான். ஆனால் அவன் பிறந்தது, வளர்ந்தது, வேலை பார்ப்பது எல்லாம் நார்வேயில். வெளிநாட்டு பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் கார்டு கேட்டால், கடைக்காரர் தினமும் "நாளைக்கு ஆக்டிவேட் ஆயிடும் சார்" என்றார். ரோமிங் கட்டணத்தைப் பார்த்ததும் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டான். இப்படி ஆகும் என்று எதிர்பார்த்துத்தான், கிளம்பும் முன்பே தேவைப்படும் இணையப் பக்கங்களையெல்லாம் ஈ-ரீடரில் சேமித்திருந்தான். ஸ்ரீரங்கத்துக்கு வழி. எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம். ரோட்டை எப்படிக் கடப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'தமிழ் வீட்டில் விருந்தாளியாக நடந்துகொள்வது எப்படி' என்று யாரோ ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்கம். அதை அவன் விமானத்தில் படித்தான், லாட்ஜில் படித்தான், இதோ இப்போதும் படித்துக்கொண்டிருந்தான்.

துணைக்கு வர வேண்டியவர் தாய்மாமன் வீரமலை. மணப்பாறையிலிருந்து வர வேண்டும். புதன்கிழமை மாட்டுச் சந்தை நாள் என்பதை மறந்துவிட்டார். "ரோடு பூரா மாடா நிக்குது மாப்ள. நீ முன்னாடி போ, நான் பின்னாலயே வரேன்" என்று லாட்ஜ் நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையில் இருந்த பெண் வீட்டில், தேவதர்ஷினி காலையிலிருந்து நான்கு புடவை மாற்றிவிட்டாள். தில்லைநகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். ஆறு மாதமாக வீடியோவில் பேசிப் பேசி, இவன்தான் என்று முடிவு செய்துவிட்டாள். இழுத்துக்கொண்டிருந்தது அவள் அப்பா செல்லக்கண்ணு மட்டும்தான். தொட்டியத்துக்காரர், காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். ஒரே மகளை அவ்வளவு தூரம் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

"பையன் நம்ம வீட்ல கை நனைச்சிட்டாருன்னா, அதுக்கப்புறம் நான் குறுக்க ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று காலையில்தான் மகளிடம் சொல்லியிருந்தார்.

அவர்கள் பக்கம் அதுதான் வழக்கம். காபி எந்த வீட்டிலும் குடிக்கலாம், அதற்குக் கணக்கில்லை. பெண்ணைப் பிடித்திருந்தால் இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிடிக்கவில்லை என்றால் சாப்பாட்டை மறுத்துவிட்டு, "போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்துவிடுவார்கள். முகத்துக்கு நேராக யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

செந்தமிழன் வந்தான். செருப்பைக் கழற்றினான், கும்பிட்டான், காபியைச் சத்தமில்லாமல் குடித்தான். தேவதர்ஷினி எதிரில் வந்து உட்கார்ந்ததும் காது வரைக்கும் சிவந்தான். அவள் அம்மா சுபலட்சுமிக்கு மாப்பிள்ளையை அந்தக் காதுக்காகவே பிடித்துவிட்டது.

"மாமா வர நேரமாகும் போல. நீங்க பசியோட இருக்காதீங்க தம்பி, இலை போடட்டுமா?"

"வேண்டாங்க" என்றான் செந்தமிழன், கையைக் குவித்து.

சுபலட்சுமியின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "வாழைப்பூ வடை சூடா இருக்கு. கொஞ்சமாச்சும்..."

"இல்லைங்க, வேண்டாங்க."

செல்லக்கண்ணு நாற்காலியில் நிமிர்ந்தார். "தம்பி, எங்க வீட்ல ஒரு வாய் சாப்பிடலாம்ல?"

"ரொம்ப நன்றி அங்கிள். வேண்டாம்."

சொல்லிவிட்டு செந்தமிழன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான். உள்ளேயிருந்து ரசத்தின் வாசனை வந்துகொண்டிருந்தது. ஆவலோடு சுபலட்சுமியின் முகத்தைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். செல்லக்கண்ணு எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

"அண்ணே, நான்தான்" என்று தொட்டியத்தில் இருக்கும் தன் அண்ணனிடம் அவர் போனில் பேசுவது கூடம் வரை கேட்டது. "அமையல. கை நனைக்கல. மூணு தடவை கேட்டுட்டோம்."

தேவதர்ஷினி சமையலறையில் எட்டிப் பார்த்தாள். அம்மா ஒவ்வொரு பாத்திரமாக மூடிக்கொண்டிருந்தாள்.  மகள் விறுவிறுவென்று கூடத்துக்குத் திரும்பினாள். அங்கே அந்த மனுஷன் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான்!

"என்னைப் பிடிக்கலன்னா ஆறு மாசம் எதுக்குங்க பேசினீங்க?"

செந்தமிழன் திடுக்கிட்டு எழுந்தான். "பிடிக்கலையா? யாரு சொன்னா? தர்ஷினி, எனக்குப் பசி உயிர் போகுது. உங்கம்மா ஏன் நாலாவது தடவை கேட்கவே இல்ல?"

"நாலாவது தடவையா?"

அவன் ஈ-ரீடரை நீட்டினான். அவள் படித்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் உடனே சம்மதிப்பது நாகரிகம் இல்லையாம். மூன்று முறை மறுக்க வேண்டுமாம். வீட்டார் நான்காவது முறை வற்புறுத்துவார்களாம், அப்போது ஏற்றுக்கொள்ளலாமாம். அவள் பக்கத்தின் அடிக்கு வந்தாள்.

"இங்க 'தொடர்ந்து படிக்க'ன்னு போட்டிருக்கே, அதுல என்ன இருக்கு?"

"அது திறக்க மாட்டேங்குது. நெட் கேட்குது. நான் முதல் பக்கத்தை மட்டும்தான் சேமிச்சேன் போலிருக்கு."

தேவதர்ஷினி தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டாள். ஈ-ரீடர் யோசித்தது, சுற்றியது, கடைசியில் திறந்தது. முதல் வரியே இதுதான்: மேலே சொன்னது எதுவும் சம்பந்தம் பேசப் போகிறவர்களுக்குப் பொருந்தாது.

கை நனைக்கும் வழக்கத்தை அவள் சொல்லச் சொல்ல செந்தமிழனின் முகம் வெளுத்தது. சட்டென்று கொல்லைப் பக்கம் ஓடினான்.

"அங்கிள், எனக்குச் சம்மதம். எனக்குச் சோறு போடுங்க."

செல்லக்கண்ணு போனைக் காதிலிருந்து எடுத்தார். "மூணு தடவை வேண்டாம்னீங்களே தம்பி."

"அப்படித்தான் சொல்லணும்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு."

"யாரு அவரு?"

"தெரியாதுங்க."

"ஊர் பேர் தெரியாத ஆளு சொன்னதுக்காகவா என் வீட்டுச் சோத்தை வேண்டாம்னீங்க? நாளைக்கு என் பொண்ணு அங்க வந்து கண்ணைக் கசக்கிட்டு நின்னா, அதுக்கும் இதைத்தான் புரட்டிட்டு இருப்பீங்களா?"

"அப்பா..." என்றாள் தேவதர்ஷினி. அவர் கையை உயர்த்தினார். பதில் அவனிடமிருந்துதான் வர வேண்டும்.

 இந்தக் கேள்விக்கு எந்தப் பக்கத்தையும் அவன் சேமித்து வைத்திருக்கவில்லை.

"எனக்குப் பயம் அங்கிள்" என்றான் கடைசியில். "நான் ஏதாவது தப்பா பண்ணி, நீங்க முடியாதுன்னு சொல்லிட்டீங்கன்னா என்ன பண்றதுன்னு பயம். கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியிருந்தே தூக்கம் இல்ல. அதான் கிடைச்சதையெல்லாம் படிச்சேன்."

"எனக்குப் பயந்தா?"

"ஆமாங்க."

செல்லக்கண்ணு வேட்டியைச் சரி செய்துகொண்டார். மீசை லேசாக அசைந்தது. "கேட்டியா சுப்பு? நார்வேயில ஒருத்தர் எனக்குப் பயந்து தூங்காம இருந்திருக்காரு. இந்த வீட்ல யாராவது எனக்குப் பயந்திருக்கீங்களா?"

"வழியை விடுங்க, புள்ளைக்கு இலை போடணும்" என்றாள் சுபலட்சுமி.

"போடு. ஆனா ஒண்ணு. தம்பி மட்டும் சாப்பிட்டா அது வெறும் விருந்து. அவங்க பக்கத்துப் பெரியவரும் கை நனைச்சாத்தான் சம்பந்தம்."

செந்தமிழன் முதல் கவளத்தை வாயில் வைத்தபோது வாசலில் வீரமலை வந்து நின்றார். சட்டையெல்லாம் புழுதி, கையில் முறுக்குப் பொட்டலம்.

"வாங்கண்ணே, கை கழுவிட்டு உட்காருங்க" என்றாள் சுபலட்சுமி.

வீரமலை விவரம் தெரிந்தவர். பெண்ணைப் பற்றி மருமகனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இலையில் உட்காரக் கூடாது என்று அவருக்குத் தெரியும். போதாததற்கு, மாடுகள் வழிவிடாத நேரத்தில் ரோட்டோரக் கடையில் நாலு பரோட்டாவும் சாப்பிட்டிருந்தார்.

"சாப்பாடெல்லாம் வேண்டாம் தங்கச்சி. முதல்ல மாப்ளகிட்ட..."

செல்லக்கண்ணு நிமிர்ந்தார். தேவதர்ஷினியின் கையில் சாம்பார்க் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"மாமா!" செந்தமிழன் எச்சில் கையோடு எழுந்து, இடது கையால் அவர் தோளைப் பிடித்து அழுத்தினான். "எதுவும் பேசாதீங்க. உட்காருங்க. இப்பவே."

வீரமலை மருமகனின் நனைந்த கையைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். "அடேய், மாடு வழி விடறதுக்குள்ள முடிச்சிட்டியா?" என்றபடி பெல்ட்டை ஓர் ஓட்டை தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

செல்லக்கண்ணு தானே அன்னவெட்டியை வாங்கி, சம்பந்திக்குச் சோற்றைக் குவித்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவே போன் இருந்தது.

"அண்ணே, அமைஞ்சிடுச்சு... ஆமா, இப்பத்தான் அமையலன்னேன்... அது அப்ப, இது இப்ப. நீ அண்ணியைக் கூட்டிட்டு பஸ் ஏறு, பாயசம் இருக்கு."

வீரமலை மூச்சுத் திணறி ஒரு வடையை மெல்ல மருமகன் இலைக்குத் தள்ளினார். தேவதர்ஷினி அதை எடுத்து, சிரிக்காமல், திரும்ப அவர் இலையிலேயே வைத்தாள்.

"சாப்பிடுங்க மாமா. என் வாழ்க்கை அதுலதான் இருக்கு."