கொசுவுக்காகத் தூது போனவள்

மாமியாருக்குத் தன் வேலையை விளக்கிச் சொல்ல முடியாமல் போன அன்றுதான் அவளுக்கே அதில் சந்தேகம் தட்டியது. போனில் மாமியார் பொறுமையாகத்தான் கேட்டார்.

"இங்க இருந்தப்ப கொசு வளர்த்தே. சரி. அங்க போய் என்ன பண்றே?"

"ரெண்டு நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து ஆராய்ச்சி பண்றதுக்கு ஏற்பாடு பண்றேன் அத்தை."

"ஏற்பாடு மட்டுந்தானா, இல்ல நீயும் சேர்ந்து பண்ணுவியா?"

"நான் பண்ண மாட்டேன்."

"அப்ப அதுக்கு எதுக்கும்மா விஞ்ஞானி?"

அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவனும் கத்தியை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். பதில் அவனுக்கும் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இவளோடு கிளம்பி வந்தவன் அவன்.

இருபது வருஷம் அவள் ஒரே ஆய்வகத்தில் இருந்தாள். மருந்தடித்தும் சாகாத கொசுக்கள் ஏன் சாகவில்லை என்று பார்ப்பது வேலை. கூண்டுக்குள் கையை விட்டுக் கொசுக்களுக்குத் தன் ரத்தத்தையே கொடுத்த காலமும் உண்டு. ஒருநாள் அமைச்சகத்திலிருந்து கூப்பிட்டு, வெளிநாட்டுத் தூதரகத்தில் அறிவியல் ஆலோசகர் பதவி காலியாக இருக்கிறது, போகிறீர்களா என்றார்கள். பெருமையில் தலையாட்டிவிட்டாள். வந்து சேர்ந்தபின், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆயிற்று.

மூன்றாம் மாடியில் மூலை அறை. ஜன்னலுக்குக் கீழே கார் நிறுத்துமிடம். மேஜையில் கோப்புகள். யார் அறையில் கொசு ரீங்காரம் கேட்டாலும், "கொசு மேடத்தைக் கூப்பிடுங்க" என்று சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். கூட்டங்களில் பேசுவதுதான் பிடிபடவில்லை. 'ஆர்வத்துடன் கவனிக்கிறோம்' என்றால் வேண்டாம் என்று அர்த்தமாம். 'மேற்கொண்டு பேசலாம்' என்றால் இனிமேல் பேசாதே என்று அர்த்தமாம். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் முதல் செயலர். ஒரு காற்புள்ளிக்காக அரை நாள் சண்டை போடுவார் என்பதால் அலுவலகத்தில் அவர் பெயர் 'கமா'.

இரண்டாவது வருஷம் மழைக்காலத்தில் அந்த நாட்டுத் துறைமுகப் பகுதியில் காய்ச்சல் பரவியது. வழக்கமான மருந்தை அடித்துப் பார்த்தார்கள். கொசு அசையவில்லை. இந்தக் கொசு கப்பலில் வந்தது, இன்ன நாட்டிலிருந்து வந்தது என்று ஒரு பத்திரிகை எழுதிவிட்டது. இன்ன நாடு என்றது அவளுடைய நாட்டை. உடனே அந்த நாட்டுச் சுகாதாரத் துறை, உங்கள் துறைமுகத்துக் கொசு முட்டைகளை அனுப்புங்கள், சோதித்துப் பார்க்கிறோம் என்று கேட்டது.

தலைநகரிலிருந்து தூதருக்கு உத்தரவு வந்தது: கொடுக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்.

"அது எப்படி சார் முடியும்?" என்று அவள் தூதரிடம் கேட்டாள்.

"அதுக்குத்தானே டாக்டர் நமக்கு இந்தக் கட்டடம்," என்றார் தூதர். சாந்தமான மனிதர். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம்தான் இருந்தது. "நீங்க பட்டும் படாமலும் பேசுங்க. மிச்சத்தை கமா பார்த்துக்குவார்."

கூட்டம் சுகாதாரத் துறையின் நீள மேஜையில் நடந்தது. எதிரே அந்த நாட்டு அதிகாரிகள், நடுவில் அவர்களுடைய ஆய்வகத் தலைவர். ஒல்லியான, நெட்டையான ஆள். சட்டைக் கையில் மைக்கறை. அவருடைய கட்டுரைகளை அவள் படித்திருக்கிறாள், அவளுடையதை அவரும் படித்திருக்கிறார். அன்றுதான் நேரில் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் எல்லோரும் வழவழவென்று பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் நேராக அவளைப் பார்த்தார்.

"டாக்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க துறைமுகத்துக் கொசு அந்த மருந்துக்குச் சாகுதா, சாகலையா?"

கமா அவள் பக்கம் லேசாகச் சாய்ந்து இருமினார். அந்த இருமலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"தெரியாது," என்றாள். "ஊருக்குள்ள பார்த்திருக்கோம். துறைமுகத்துல நாங்க பார்க்கலை."

யாரோ தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் வைத்தார்கள்.

காரில் ஏறியதும் கமா வெடித்தார். "நம்ம நாடு பார்க்கவே இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்களே மேடம். நாளைக்கு இதைத்தான் பத்திரிகையில போடுவான்." அலுவலகத்துக்கு வந்தால் தூதர் முகமெல்லாம் சிரிப்பு. "பிரமாதம் டாக்டர். சாகுதுன்னும் சொல்லல, சாகலைன்னும் சொல்லல. பழுத்த ஆளுங்களுக்கே இது வராது."

"சார், எனக்கு நிஜமாவே தெரியாது."

"ஆமா, ஆமா," என்று கண்ணைச் சிமிட்டினார்.

காரியத்தைக் கெடுத்தோமா, காப்பாற்றினோமா என்று தெரியாமல் இரண்டு நாள் அவள் திருதிருவென்று விழித்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் ஆய்வகத் தலைவர் போன் செய்தார்.

"நீங்க சொன்னது தூதரகத்துத் தெரியாதா, ஆய்வகத்துத் தெரியாதா?"

"ஆய்வகத்துத் தெரியாதுதான்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "அப்ப நானும் சொல்லிடறேன். கப்பல் வர்றதுக்கு முன்னாடி எங்க துறைமுகத்துக் கொசு எப்படி இருந்துச்சுன்னு நாங்களும் பார்க்கலை. உங்க முட்டை இங்க வரட்டும், எங்க முட்டை அங்க போகட்டும். ரெண்டு பக்கமும் ஒரே சமயத்துல பார்க்கலாம்."

அவள் அதை எழுதித் தலைநகருக்கு அனுப்பினாள். கமா அதிலிருந்த காற்புள்ளிகளையெல்லாம் இடம் மாற்றினார். பதிலே இல்லை. கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. காத்திருந்து காத்திருந்து மறந்தேபோன சமயத்தில் சம்மதம் வந்தது.

"ஏன் சார் திடீர்னு சம்மதிச்சாங்க?"

"காரணத்தைக் கேட்டா சம்மதம் போயிடும் டாக்டர்," என்றார் தூதர். அவருக்கும் தெரியவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

துள்ளிக் குதிக்காத குறைதான் அவளுக்கு. மறுபடியும் கூண்டு, தட்டு, நுண்ணோக்கி. அன்று மாலையே தூதர் அந்த நினைப்பில் மண்ணைப் போட்டார். "ஆய்வுக் குழுவில நீங்க இருக்க முடியாது. மேற்பார்வைக் குழுவில இருக்கீங்க. தொட்டா ஒரு பக்கம் சாய்ஞ்சதா ஆயிடும்."

அதே வாரம் பழைய ஆய்வகத்து இயக்குநரும் கூப்பிட்டார். "அங்க உன் பதவிக்காலம் முடியப் போகுதே. வர்றியா, இல்ல உன் அறையை வேற ஆளுக்குக் கொடுத்துடட்டுமா?"

வருகிறேன் என்று சொல்லத்தான் நினைத்தாள். "கொடுத்துடுங்க சார். நான் இங்க இன்னும் கொஞ்சம் இருக்கேன்," என்று வாயில் வந்துவிட்டது.

கணவன் அலமாரிக்கு மேலிருந்து பெட்டிகளை இறக்கித் தூசி தட்டி வைத்திருந்தான்.

"எதுக்கு அப்படிச் சொன்னே?"

"தெரியலங்க. பாதியில விட்டுட்டு வர மனசு வரலை."

"எதைப் பாதியில? நீதான் அதைத் தொடவே கூடாதுங்கறாங்களே."

அவள் ஒரு பெட்டியைத் தூக்கி மறுபடியும் அலமாரிக்கு மேலேயே வைத்தாள். அவன் கோபப்பட்டுக் கத்துகிறவன் இல்லை, பேச்சைக் குறைத்துக்கொள்கிறவன். சாப்பாட்டுத் தட்டை வைக்கும் சத்தத்திலேயே வீட்டில் நாலு நாள் ஓடியது. அப்புறம் ஒரு காலையில், "பள்ளிக்கூடம் திறக்கறப்ப நான் போயிடறேம்மா. லீவு விட்டா வர்றேன்," என்றான். சரி என்றாள். நல்ல ஏற்பாடுதான் என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். விமான நிலையத்தில் அவன் முதுகு மறைந்தபிறகு, எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தோம் என்பதே அவளுக்குப் புரிபடாமல், வெளியே போகும் வழியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஊரிலிருந்து முட்டைகள் வந்து சுங்கத்தில் மாட்டிக்கொண்டன. அவளே நேரில் போக வேண்டியதாயிற்று. சுங்க அதிகாரி உறையிலிருந்த காகிதத் துண்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளிகள்.

"இது என்ன?"

"கொசு முட்டை."

"உயிரோட இருக்கா?"

"காய்ஞ்சு இருக்கற வரைக்கும் சும்மா இருக்கும். தண்ணி பட்டா பொரிஞ்சிடும்."

அவர் மேஜையிலிருந்த தன் டீயை மெதுவாகத் தள்ளி வைத்தார். "நீங்க தூதரகமா, விஞ்ஞானியா? தூதரகம்னா வேற கவுன்ட்டர்."

"இது விஞ்ஞானம்தான். ஆனா நான் தூதரகம்."

"எந்தப் பக்கம் நிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்கம்மா. பின்னாடி ஆள் நிக்குது."

இரண்டு வரிசையிலும் நின்று பார்த்துவிட்டு, கடைசியில் ஆய்வகத் தலைவரையே போனில் கூப்பிட்டுப் பேசவைத்து உறையை மீட்டாள். ஆய்வகத்தில் அவர்கள் காகிதத்தைத் தட்டுத் தண்ணீரில் அமிழ்த்தியபோது அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தொடக் கூடாதல்லவா. கொஞ்ச நேரத்தில் முதல் புழு நெளிந்தது. அடக்க முடியாமல் குனிந்துவிட்டாள். ஆய்வகத் தலைவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

முடிவு வந்தபோது இரண்டு துறைமுகத்துக் கொசுவும் மருந்துக்குச் சாகவில்லை.

"யாருகிட்டேர்ந்து யாருக்குப் போச்சு?" என்று தூதர் கேட்டார். அதே கேள்வியைத்தான் எதிர்த் தரப்பும் கேட்டது. இந்தச் சோதனையை வைத்து அதைச் சொல்ல முடியாது என்று இருவரிடமும் சொன்னாள். இருவருமே அவள் எதையோ மறைக்கிறாள் என்று நினைத்தார்கள். ஆனாலும் கமாவும் எதிர்த் தரப்பு அதிகாரியும் உட்கார்ந்து, 'இரு துறைமுகங்களிலும்' என்ற ஒரே தொடரில் பழியைப் பங்குபோட்டு, மருந்தை இரண்டு இடத்திலும் ஒன்றாக மாற்றுவது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கமா முதல் தடவையாக அவளுக்குத் தானே டீ கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்து வந்த மழைக்காலத்தில் காய்ச்சல் குறைந்தது. தூதர் பாராட்டு விருந்து வைத்தார். மருந்தால் குறைந்ததா, மழை சீக்கிரம் நின்றதால் குறைந்ததா என்று அடுத்த வருஷமும் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று அவள் மெல்ல ஆரம்பித்தாள். தூதர் சிரித்துக்கொண்டே அவள் கையில் ஒரு தட்டைக் கொடுத்து, முதலில் சாப்பிடச் சொன்னார்.