முப்பத்தாறு டிகிரி

சர்வே எடுக்க ஆள் வருகிறது என்று தெரிந்ததும் மங்கை செய்த முதல் காரியம், வீட்டிலிருந்த பன்னிரண்டு குடம் தண்ணீரில் பத்தைக் கூரைக்குக் கொண்டுபோனதுதான். ஏணி வைத்து, சிமெண்ட் ஷீட் மேல் கோணிகளைப் பரப்பி, ஒவ்வொரு குடமாகத் தூக்கி ஊற்றினாள். அவள் தெருவில் நாலு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். அடுத்த முறைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

எல்லாம் புருஷனுக்காகத்தான். பெரியதம்பி அனந்தபுரத்தில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் மூன்று வருடமாகக் கட்டிலில் கிடக்கிறான். போன வைகாசியில் சூடு தாங்காமல் வலிப்பு வந்துவிட்டது. "இன்னொரு கோடைக்கு இதே கூரைக்கு அடியில போட்டு வெச்சா ஆளு தாங்க மாட்டாரும்மா" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வேறு கூரைக்கு அவள் எங்கே போவாள்? தெருவுக்குப் பின்னால் மலை. பகலெல்லாம் வாங்கிய வெயிலை அந்தப் பாறைகள் விடிய விடியத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

அப்போதுதான் அந்தத் திட்டம் வந்தது. இல்லாதவர்கள் வீட்டுக் கூரைக்கு இலவசமாக வெள்ளைப் பெயிண்ட் அடிப்பார்களாம். கரண்ட் கம்மியாக இழுக்கிற ஃபேன் ஒன்றும் உண்டாம். உள்ளே நாலைந்து டிகிரி குறைந்துவிடுமாம்.

முன்பு வேறொரு திட்டத்துக்குக் கணக்கெடுக்க வந்த ஒருவர் இந்த வீட்டில் இரண்டு நிமிஷம்கூட உட்காரவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனவர் போனவர்தான். இந்தத் தடவை அப்படி ஆகிவிடக் கூடாது என்று மங்கை கங்கணம் கட்டிக்கொண்டாள். தரையிலும் தண்ணீர் தெளித்தாள். ஜன்னலில் ஈரப் புடவையைத் தொங்கவிட்டாள். அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை. ஒட்டுச் சுவர்க்காரி ராஜாம்பாளோ எதையும் கண்டுகொள்ளாமல் உச்சி வெயிலில் கருவாட்டுக் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். இவளுக்குப் போய் யார் கொடுப்பார்கள் என்று மங்கை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு மோனிகா என்ற பெண் வந்தாள். சூடு பார்க்கிற சின்ன மீட்டர் ஒன்றை ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"அப்பாடா! இந்தத் தெருவுலயே உங்க வீட்லதான்க்கா உக்கார முடியுது."

மங்கைக்குப் பூரிப்பு தாங்கவில்லை. மிச்சமிருந்த தண்ணீரில் மோர் கலந்து கொடுத்தாள். மோனிகா குடித்துவிட்டு மீட்டரைப் பார்த்தாள். செல்போனில் எதையோ தட்டினாள்.

"முப்பத்தாறுக்கா. முப்பத்தெட்டுக்கு மேல இருந்தாத்தான் தருவாங்க. உங்களுக்கு வராது."

"இன்னாம்மா சொல்ற? தண்ணி ஊத்தினேன், அதான் கொறைஞ்சிருக்குது. நாளைக்கு வந்து பாரும்மா, நெருப்பா கொதிக்கும்!"

"ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான்க்கா. ஆப்ல போட்டுட்டேன், மாத்த முடியாது." மோனிகா நல்ல பெண்தான். போகும்போது கோணிகளை ஃபோட்டோ எடுத்துக்கொண்டாள். "சூப்பர் ஐடியாக்கா. எங்க மீட்டிங்ல காட்டுறேன்."

கட்டிலிலிருந்து பெரியதம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"உபசாரம் முடிஞ்சுதா?" என்றான். "எனக்குக் குடிக்க ஒரு சொம்பு இருக்குதா, இல்ல அதையும் கூரைக்குக் குடுத்துட்டியா?"

மங்கை சொம்பை எடுத்துக்கொண்டு ராஜாம்பாள் வீட்டுக்குப் பிச்சை கேட்கப் போனாள். அங்கே மீட்டர் நாற்பத்தொன்று காட்டியிருந்தது.

பத்தாம் நாள் ராஜாம்பாள் கூரை வெள்ளை வெளேரென்று ஆனது. "எங்க வீட்ல ஏழு பேரு இருக்கோம்க்கா, அண்ணன் கட்டிலப் போடக்கூட எடமில்ல" என்று, மங்கை வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

வைகாசி எட்டாம் தேதி, நடுப்பகலில், பெரியதம்பிக்கு மறுபடியும் வலிப்பு வந்தது. ஆட்டோ வருவதற்குள் உயிர் போய்விட்டது.

பனமலையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து சேர நேரமாகும் என்று ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்தார்கள். "இது இழுக்கிற இழுவைக்கு உங்க வயரு தாங்காது. ஃபேன நிறுத்திடுங்க" என்றான் பெட்டிக்காரன். நிறுத்தினார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, ராஜாம்பாள் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

மங்கை மட்டும் இருந்தாள். அழுது அழுது தொண்டை வற்றி, பெட்டியின் கண்ணாடி மேல் கன்னத்தைச் சாய்த்தாள். ஜில்லென்று இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் அப்படி ஒரு குளிர்ச்சியை அவள் அனுபவித்ததே இல்லை. உடம்புக்கு அது சுகமாக இருந்தது. சீ, இதுவும் ஒரு ஜென்மமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் கன்னத்தை எடுக்கவில்லை.