முன்னறைக்குப் பச்சை

ஷமீரா வண்ண அட்டையைக் கொண்டுவந்து நீட்டியதும் நெய்னா முகம்மது கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"முன் ரூமுக்கு நீங்களே பாத்துச் சொல்லுங்கத்தா. பச்சைதான். ஆனா பளிச்சுன்னு வேணாம், கண்ணுக்கு இதமா இருக்கட்டும்."

முத்துப்பேட்டையில் அவர்கள் தெருவில் வீடு பெண்ணுக்குத்தான். ஒரே மகள் ஷமீராவின் நிக்காஹ்வுக்கு முன்பே வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டார். மாப்பிள்ளை அஸார் இங்கேதான் வந்து குடியிருக்கிறார். அதில் நெய்னா முகம்மதுவுக்கு ஒரு குறையும் இல்லை. முன்னறை மட்டும் அவருடையதாகவே இருந்தது. ஜமாஅத் விஷயம் பேச வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குத்தான் வருவார்கள். மனைவி மௌத்தான பிறகு, இந்த வீட்டில் அவர் சொல் செல்லுபடியாகிற இடம் அது ஒன்றுதான்.

அதனால் நிதானமாகவே தேர்ந்தெடுத்தார். கிளிப்பச்சை கல்யாண மண்டபத்துக்குத்தான் பொருந்தும். அட்டையில் அடக்கமாகத் தெரிந்த இன்னொன்றைப் பெயிண்டர் கிளமென்ட் சுவரில் தீற்றிக் காட்டியபோது ஆஸ்பத்திரி போல இருந்தது. கடைசியில் சாம்பல் கலந்த ஒரு வெளிர் பச்சை. ஜன்னல் பக்கம் ஒரு கை அகலம், இருட்டு மூலையில் ஒரு கை அகலம் அடிக்கச் சொன்னார். காய்ந்த பிறகு வெயிலில் பார்த்தார், டியூப் லைட் போட்டும் பார்த்தார்.

"இதுதாம்ப்பா. கௌரவமா இருக்கு."

"நல்ல செலக்‌ஷன் அய்யா. அந்தம்மாவுக்கும் கண்ணு கூசாது" என்றான் கிளமென்ட்.

"எந்த அம்மாவுக்கு?"

"மாப்பிள்ளையோட அம்மாவுக்குத்தான். கண்ணு ஆபரேஷன் ஆயிருக்குன்னு சொன்னாங்களே. இந்த ரூமுல இருக்கப் போறாங்க, சீக்கிரம் முடிச்சுக் குடுன்னு..." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினான்.

நெய்னா முகம்மது அடுப்படிக்குப் போனார். அந்தப் பக்கம் அவர் போகிற வழக்கமே இல்லை. ஷமீரா கரண்டியை வைத்துவிட்டு நின்றாள்.

"சொல்லணும்னுதான் இருந்தேன் அத்தா. மாமி வீடும் அவங்க பொண்ணு பேருக்குப் போயிடுச்சு. அங்க நாத்தனாருக்கும் அவங்களுக்கும் ஒத்துவரல. வேற எங்க போவாங்க? பின் ரூமு குளியலறைக்குத் தூரம், படி வேற. நீங்க நல்லா நடமாடுறீங்க..."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்ல?"

"நீங்க கோவப்படுவீங்கன்னு அவர்தான், முதல்ல கலரைக் கேளு, சந்தோஷப்படுவாங்கன்னாரு."

சின்னப் பிள்ளைக்கு ஊசி போடுமுன் கையில் மிட்டாய் கொடுப்பது போல. அவர் கிளமென்டிடம் போய், "ரெண்டாவது கோட்டும் அடிச்சிரு. மூலையில திட்டு தெரியக் கூடாது" என்று மட்டும் சொன்னார். தன் கட்டிலையும் ஓதுகிற கிதாபுகளையும் மறுநாளே பின்னறைக்கு மாற்றச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மா ஆசியா கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். பார்க்க வந்த தெருப் பெண்களால் கூடம் நிறைந்திருந்தது.

"இது உங்க ரூமுல்ல சம்பந்தி?" ஆசியா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "எனக்காக உங்கள எழுப்பி விட்டுட்டாங்களா?"

பக்கத்து வீட்டு அனீஸா காதைத் தீட்டிக்கொண்டாள். அஸார் செல்போனைப் பார்த்தார். ஷமீராவின் முகம் வெளிறிப்போயிற்று.

"யாரு எழுப்புறது என்னைய?" நெய்னா முகம்மது சிரித்தார். "நான்தான் சொன்னேன். பின்னாடி கொல்லைக் காத்து வருது. கலர்கூட உங்களுக்காக நான் பாத்ததுதான். உள்ள வாங்க."

"இப்படி ஒரு அத்தா கெடைச்சது ஷமீராவோட பாக்கியம்" என்றாள் அனீஸா. வம்புக்கு ஒன்றும் சிக்காத ஏமாற்றம் அவள் குரலில் இருந்தது.

ஷமீரா நன்றியோடு அவரைப் பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஊர் வாயில் குடும்பம் விழக் கூடாது. அதற்காகச் சொன்ன பொய், அவளுக்காகச் சொன்னதல்ல.

பள்ளிவாசலில் மாலைத் தொழுகை முடிந்து அவர் வந்ததும் அவள் பின்னறைக்கு டீ கொண்டுவந்தாள். சுவரில் பழைய சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது.

"அத்தா, அந்தப் பச்சை கொஞ்சம் மிச்சம் இருக்கு. இந்த ரூமுக்கும் அடிச்சிடச் சொல்லவா?"

அவர் டீயை வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

"உங்க வீடும்மா. என்னை எதுக்குக் கேக்குறீங்க?"

பிறந்த நாளிலிருந்து அவளை 'நீ' என்றே அழைத்தவர் அவர். ஷமீரா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அவர் கூப்பிடவில்லை.