ஆறு டின் புதையல்

வெள்ளிக்கிழமை விடிந்தால் என் கணவர் விஜயபாஸ்கருக்கு துபாயின் மம்சார் கடற்கரைக்குப் போய் மணலைத் தடவியாக வேண்டும். அவருடைய சைட்டில் இருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும்போது சோபா, மைக்ரோவேவ், நாய்க்கூண்டு எல்லாவற்றையும் விற்றார். மற்றவர்கள் மைக்ரோவேவுக்கு அடித்துக்கொண்டார்கள். இவர் மெட்டல் டிடெக்டரை வாங்கிக்கொண்டு வந்தார். நீளமாக ஒரு கம்பு, அதன் அடியில் வட்டமாக ஒரு தட்டு, காதில் மாட்ட ஒரு ஹெட்போன். மணலுக்குள் உலோகம் எது கிடந்தாலும் கீ கீ என்று கத்தும்.

மூன்று வருடமாகக் கத்துகிறது. குந்துமணித் தங்கம்கூடக் கிடைத்ததில்லை. கிடைத்தவற்றை நான் சொல்கிறேன்: கபாப் குத்தும் கம்பிகள், கோலா டின்னின் காதுகள், தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகள், எந்தக் கதவுக்கும் சொந்தமில்லாத சாவிகள், குழாய்த் திருகு ஒன்று, மூக்குக் கண்ணாடியின் ஒரு கால், பிக்னிக் வந்த எவளோ தொலைத்த குக்கர் வெயிட், தேய்ந்துபோன ஈரான் காசு. இதையெல்லாம் என் தோசைமாவுப் பாத்திரத்தில் வினிகர் ஊற்றி ஊறவைப்பார். பல் தேய்க்கும் பிரஷால் தேய்ப்பார். காயவைத்து நிடோ பால்பவுடர் டின்னில் போட்டு மூடுவார். அதற்குப் பிறகு அந்த டின்னைத் திறந்து பார்த்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை.

அப்படி ஆறு டின். பெரிய சைஸ். அல் குசைஸில் எங்களுடையது ஸ்டுடியோ பிளாட். சமையல், படுக்கை, வரவேற்பு எல்லாம் ஒரே அறை. கட்டிலுக்கடியில் நான்கு டின், சுவரோரம் இரண்டு, அவற்றின் மேல் கழுவாத புதுச் சரக்கு ஒரு வாளி. நடுவில் நான்.

கூட்டாளி கௌஸ் முகைதீன், கீழே பலசரக்குக் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்துக்காரர். மெஷின் இவருடையது, மண்வெட்டி அவருடையது. விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து ஹாரன் அடிப்பார். இருவரும் மதிய ஜும்மா தொழுகைக்கு முன்னால் திரும்பிவிடுவார்கள்.

நான் பி.எஸ்சி. கணிதம், பி.எட். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அரிசி ஆலையில் மூட்டை தூக்கி அப்பா படிக்கவைத்த படிப்பு, துபாய்க்கு வந்த நாளிலிருந்து டிராலி பையின் உள்ஜிப்பில் மடிந்து கிடந்தது. ஸ்கூல்களில் அனுபவம் கேட்டார்கள். வேலை கொடுக்காமல் அனுபவம் எங்கே முளைக்கும் என்று கேட்டால் ரிசப்ஷன் பெண் சிரித்தாள். கல்யாண வீடுகளில் "சும்மாதான் இருக்கியா?" என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்களால் எங்களுக்கு வந்த அழைப்புகளும் குறைந்தன.

அப்போதுதான் பக்கத்துக் கட்டடத்து பாஹிமா அக்கா கேட்டார். தேராவில் துணிக்கடை வைத்திருப்பவரின் மனைவி, கீழக்கரை. அவர் மகன் ரிபாய் கணக்கில் பெயில். டியூஷன் எடுப்பீர்களா, வெள்ளிக்கிழமை வந்து இடத்தைப் பார்க்கட்டுமா என்றார். பாஹிமா அக்கா சரி என்றால் அந்தக் கட்டடத்தில் இன்னும் நாலைந்து வீடு சரி என்னும். அவர் உதட்டைப் பிதுக்கினால் குசைஸ் முழுக்கப் பிதுங்கிவிடும். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. இந்த ஒரு அறையில் பிள்ளைகள் உட்கார இடம் வேண்டும்.

"ஏங்க, இந்த டின்னையெல்லாம் காலி பண்ணணும்" என்றேன்.

"பண்ணலாம்."

"எப்போ?"

"வகை பிரிச்சிட்டு. அவசரப்பட்டா எது எந்த டின்னுன்னு கொழம்பிரும்."

"சாவியும் கம்பியும் கொழம்புனா என்ன ஆகும்?"

"உனக்கு அது புரியாது அகிலா."

கால்குலஸ் புரிந்தது. கோலா டின்னின் காது புரியாதாம்.

திங்கட்கிழமை அவர் டூட்டிக்குப் போனதும் எல்லாவற்றையும் கீழே இறக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். மத்தியானம் காலிங்பெல் அடித்தது. பெஷாவர்க்கார வாட்ச்மேன், தோளில் இரண்டு டின், பின்னால் லிஃப்டில் நான்கு, வாளி தனி.

"பாஸ்கர் பாய் கா சாமான், மேடம். எவனோ திருடிக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டிருக்கிறான்" என்று இந்தியில் வருத்தப்பட்டார். நான் நன்றி சொல்லி டீ போட்டுக் கொடுத்தேன்.

இரவெல்லாம் கொதித்தேன். அப்புறம் யோசித்தேன். வந்த இடத்துக்கே போகட்டும்.

செவ்வாய்க்கிழமை சான்றிதழ்களை எடுத்து வெளியே வைத்துவிட்டு, டிராலி பைக்குள் டின்களையும் வாளியையும் கொட்டினேன். காலி டின்கள் அடுத்த தெருக் குப்பைத்தொட்டிக்குப் போயின. ஒரே தடவையில் அடங்கவில்லை. இரண்டு நடை. டாக்ஸி டிரைவர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏர்போர்ட்டா சிஸ்டர்? வெயிட் அதிகம், பைன் போடுவான்" என்றார். மம்சார் என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

வெயில் நேரம், கரையில் ஆள் இல்லை. குப்பை அள்ளும் முறத்தால் தோண்டினேன். கம்பி எதுவும் குழந்தைகள் காலில் குத்திவிடக் கூடாது என்று முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, ஒரு குழி நிறைந்ததும் நகர்ந்து இன்னொன்று. ஒவ்வொரு குழியையும் மூடி மிதித்தபோது உடம்புக்கே நன்றாக இருந்தது.

அன்று மாலை அவர் வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். டீ குடித்தார். சுற்றிலும் பார்த்தார்.

"ரூம் பெருசா தெரியுதே. பெயின்ட் அடிச்சாங்களா?"

"ஆமா" என்றேன்.

புதன் போனது, வியாழன் போனது. ஆறு டின் இல்லாததை அந்த மனிதர் கவனிக்கவே இல்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரம். இல்லாமல் போனால் தெரியாத ஒன்றுக்காகவா மூன்று வருடம் நான் பக்கவாட்டில் நடந்தேன்?

வெள்ளிக்கிழமை இருவரும் வழக்கம்போல மம்சாருக்குப் போனார்கள். பதினோரு மணிக்கு பாஹிமா அக்கா வந்தார். கறுப்பு அபாயா அங்கியைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து பார்த்தார், பிள்ளைகளின் உயரத்தில் இருந்து.

"வெளிச்சம் இருக்கு. ஏசி சத்தம் கொறச்சலா இருக்கு. ஆனா கட்டில் எடத்த அடைக்கிது."

"நகத்திரலாம்க்கா."

"உங்க வீட்டுக்காரர் அஞ்சு மணிக்கெல்லாம் வந்துருவாரே. படுக்கணும்னு சொன்னா? எங்க மச்சான், புள்ளையோட வாப்பா, வீட்டுக்குள்ள வந்தா டிவிதான். அதான் ரிபாய் இப்படி. புள்ளைங்க வர்ற எடத்துல சொன்ன பேச்சு நடக்கணும், அகிலா. நடக்குமா?"

நடக்கும் என்று நான் வாயைத் திறந்தபோது கதவு திறந்தது. கணவரும் கௌஸ் பாயும். இருவர் முகத்திலும் பெருநாள் பிறை கண்ட களை. நடுவில் ஈரம் சொட்டும் அரிசிச் சாக்கு.

"அகிலா, பேப்பர் விரி" என்றார் இவர். நான் விரிக்கவில்லை. தரையிலேயே கொட்டினார். நான் காலையில் துடைத்த தரை.

"தங்கச்சி, இப்படி ஒரு நாள் வரும்னு சொன்னேனா இல்லையா" என்றார் கௌஸ் பாய். "மெஷின் நிறுத்தாம அழுவுது. ஒரே குழியில எம்புட்டு சாவிங்கிற! மாஷா அல்லா. பழைய கப்பல் ஒண்ணு அங்க ஒடஞ்சு முங்கியிருக்கு. சந்தேகமே இல்ல."

"கப்பலா?" என்றார் பாஹிமா அக்கா.

"ஈரான் கப்பலு. காசு கெடச்சிருக்குல்ல."

இவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். "இதப் பாரு. நம்மகிட்ட ஒரு குழாய்த் திருகு இருக்குல்ல, அதுக்கு ஜோடி. அச்சு அசல். கண்ணாடிக் காலு ஒண்ணு ஏற்கெனவே இருக்கா, இப்ப இன்னொண்ணு. ரெண்டையும் சேத்தா கண்ணாடியே ஆயிரும்."

பாஹிமா அக்கா குவியலிலிருந்து ஒன்றை இரண்டு விரலால் எடுத்தார். குக்கர் வெயிட்.

"அந்தக் கப்பல்ல யாரோ சாம்பார் வச்சிருக்காங்க" என்றார்.

கௌஸ் பாய் அதை வாங்கிப் பார்த்தார். "ஈரான்காரனும் பருப்பு தின்னுவான்தானே" என்றார், கொஞ்சம் சத்தம் குறைந்து.

இவர் மண்டியிட்டுக் கட்டிலுக்கடியில் கையை விட்டார், பழைய திருகோடு புதியதை ஒப்பிட்டுப் பார்க்க. கை அங்கும் இங்கும் துழாவியது. பிறகு தலையும் உள்ளே போனது. உள்ளிருந்தே கேட்டார்.

"டின்னுங்க எங்க?"

"நீங்க கொண்டுவந்த சாக்குல கொஞ்சம். மம்சார்ல மீதி."

தலை வெளியே வரவில்லை. கௌஸ் பாய் என்னையும் குவியலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"அப்ப... கப்பலு?"

"அந்தக் கப்பல் நான்தான், பாய். செவ்வாக்கெழம முங்குனேன்."

சாக்கிலிருந்து தண்ணீர் ஒழுகிக் கதவு வரைக்கும் போய்விட்டது. பாஹிமா அக்கா அபாயாவைத் தூக்கிப் பிடித்தார். இதோ எழுந்து போகப்போகிறார், கணக்கும் போச்சு, கட்டடமும் போச்சு என்று நினைத்தேன்.

இவர் வெளியே வந்தார். கத்துவார் என்று நான் பதில்களோடு தயாராக இருந்தேன். அவர் குவியலைப் பார்த்தார், விரலால் கிளறினார், உதடு அசைந்தது. கோபம் இல்லை, கணக்கு.

"இது மிஞ்சிப்போனா ரெண்டு டின்தான் இருக்கும். மீதி நாலு எங்க பொதச்ச?"

"அல்லாவே" என்றார் கௌஸ் பாய், முகம் மறுபடி மலர்ந்தது. "இன்னும் நாலு டின் உள்ள கெடக்கா? பாஸ்கரு, அடுத்த வாரமும் இதே மாதிரி இருக்குமாக்கும்."

"எங்கன்னு சொல்லு அகிலா. வலதுபக்கமா, இடதுபக்கமா?"

சொல்லிவிட இருந்தேன். பாஹிமா அக்காவின் கை என் முழங்காலை அழுத்தியது.

"சொல்லாதீங்க" என்றார். "சரக்கு உங்க கையில இருக்கு. இப்ப வெல பேசுங்க."

மூன்று தலைமுறையாகக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்த குடும்பத்துப் பெண். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தெனம் சாயங்காலம் ரூம் எனக்கு. பாடம் முடியிறவரைக்கும் நீங்க உள்ள வரக் கூடாது."

"நான் எங்க போறது?"

"பாய் கடையில உக்காருங்க."

"சரி."

"கட்டில பகல்ல சுவத்துல சாச்சு நிறுத்தணும். நீங்கதான் நிறுத்தணும்."

"சரி, சரி. வலதுபக்கமா?"

"இன்னும் முடியல" என்றார் பாஹிமா அக்கா. "எழுதுற போர்டு ஒண்ணு கேளுங்க."

"போர்டு" என்றேன். "என் பாத்திரத்துல வினிகர் ஊத்தக் கூடாது. கெடைக்கிறது எதுவும் இந்த வாசப்படி தாண்டக் கூடாது. பாய் கடைல பின்னாடி ரூம் இருக்குல்ல, அங்க வச்சுக்குங்க."

"தங்கச்சி, அங்க வெங்காய மூட்ட கெடக்கு."

"வெங்காயம் கீழ, கப்பல் மேல" என்றார் பாஹிமா அக்கா. "என்ன பாய், அடுத்த வாரம் தோண்டணுமா வேண்டாமா?"

கௌஸ் பாய் இவரைப் பார்த்தார். இவர் மணலாக இருந்த தன் கைகளைப் பார்த்தார். "சரின்னு சொல்லுங்க பாய்" என்றார். கௌஸ் பாய் கலாஸ், முடிஞ்சது என்று கையை உதறினார். அந்த இடத்திலேயே குவியலைச் சாக்குக்குள் திரும்ப அள்ளி, ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது என்று முனகிக்கொண்டே சாக்கோடு கீழே இறங்கிப் போனார்.

பாஹிமா அக்கா எழுந்து அபாயாவை உதறினார்.

"நாளைலேருந்து ரிபாயை அனுப்புறேன். எங்க கட்டடத்து ஜொஹராகிட்டயும் சொல்றேன், அவ வீட்டுல ரெண்டு. இந்த ரெண்டு பேரையும் உக்கார வச்சிட்டீங்க, எங்க வீட்டுப் புள்ளையையா உக்கார வைக்க முடியாது? வரட்டா டீச்சர்?"

டீச்சர் என்று என்னை யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. நான் வாசல்வரை போய், லிஃப்ட் மூடும் வரை நின்றேன்.

உள்ளே இவர் கட்டிலின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். மெத்தை சரிந்து அவர் தலையில் விழுந்தது. மெத்தைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இப்பவாவது சொல்லு. எந்தப் பக்கம்?"

ஒன்றிரண்டு குழியை அவர்கள் எடுத்துவிட்டார்கள். மற்ற குழிகளை நான் ஆத்திரத்தில் தோண்டினேன், ஆத்திரத்தில் மூடினேன், திரும்பிப் பார்க்காமல் டாக்ஸி ஏறினேன். அந்தக் கரை முழுக்க ஒரே மணல். எனக்கு எப்படித் தெரியும்?

"சொல்றேன்" என்றேன். "மொதல்ல கட்டில நிறுத்துங்க."